நிலத்தின் ஆழம் கண்ட இராபர்ட் புரூஸ் பூட்

சேலம் நகரினின்று ஏற்காட்டிற்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்வழிச் செல்வோர் பெரும்பாலும் பள்ளத்தின் பக்கமே நோக்குவர். கீழே விரிந்து கிடக்கும் சமவெளியின் அழகில் ஈடுபடுவர். மற்றைப் பக்கத்தை, அதாவது பாதை அமைப்பதற்காக மலையை வெட்டியதனால் உண்டான சுவரை, நோக்குவார் மிகச் சிலரே. நாம் ஒருமுறை அப்பாதையில் இறங்கி நடந்து, கையிலிருந்த குடைக்கம்பினால் அச்சுவரை ஆங்காங்கு அளந்து பார்த்தோம். ஓரிடத்தில் அது ஆளுயரத்திற்கும் மேற்பட்ட செம்மண்ணாயிருந்தது. மரவேர்கள் அதனுள் கயிறுகள்போல இறங்கியிருந்தன. சிறிது தொலைவு கடந்த பின்னர் ஒரு சாண் மண்ணும் அதன்கீழ்க் கரும்பாறையுமே காணப்பட்டன. மலை ஒன்றே; கல் ஒன்றே; பெய்யும் மழையும் ஒன்றே. ஆயினும் முன்னதன்மேல் பெருமரங்கள் ஓங்கி நின்றன. பின்னதன்மேல் புல்லும் முட்புதருமே இருந்தன. எம்முடன் வந்த மாணாக்கர் ஒருவர் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதென வினவினார். அதற்கு விடை கூறத் தொடங்கிய நாம், இவ்வகை வெட்டுச்சுவர்களையும் ஓடைக்கரைகளையும் கிணற்றுக் குழிகளையும் ஏடு போலப் படித்தே தம் வாழ்நாளைக் கழித்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றைக் கூற நேர்ந்தது. அவர் நினைவுக்குறி நாம் சென்றுகொண்டிருந்த ஏற்காட்டிலேயே, திருத்துவ ஆலயத்தில், உள்ளது. அவரே இராபர்ட் புரூஸ் பூட் என்பார்.

பூட் துரையவர்கள் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தில் செல்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டில், தமது இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலநூல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை இராஜதானிக்கு அனுப்பப்பெற்றார். அக்காலத்தில் அத்துறை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தென்னாட்டு மலைகளும் ஆறுகளும் எவ்வகைக் கற்களால் ஆயவை, அவற்றுள் எவ்வெப் பொருள்கள் மறைந்து கிடக்கின்றன என்பவற்றை நாடு முழுதும் நடந்து கண்டறிந்து படம் வரைதலே அவர்க்கு இடப்பட்ட பணி. மழையற்ற மாதங்களிற் கூடாரமடித்து ஊர்ஊராய்த் திரிதலும், மழைக்காலத்திற் சென்னையில் அமர்ந்து குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதுதலும் அவர் வாழ்க்கையாயின. கையிற் சுத்தியும் தோளிற் பையும் அவருடைய ஆயுதங்கள்.

இப்பணியில் ஓர் இடையூறு உண்டு. நிலநூலார் தேடுவது பாறையை; ஆனால் பாறையை மண் மூடிக்கொண்டிருக்கின்றது. ஆதலின், எங்கே மண் திறந்திருக்கின்றதோ அங்கே அவர் விரைந்து செல்லவேண்டும். புதிதாய் வெட்டும் கிணறு, இருப்புப்பாதைக்காகத் தோண்டிய பள்ளம், வெள்ளம் அறுத்த கரை ஆகிய இவையே அவருக்குக் கிடைக்கும் பலகணிகள். வேறு பலர் மண்ணை இடையூறென்று எண்ணித் தள்ளிவிட்டு அடியிலுள்ள கல்லை மட்டும் எழுதிச் சென்றிருப்பர். பூட்டோ, மூடியிருக்கும் மண் எத்துணை அடி, எந்நிறத்தது, எதிலிருந்து உண்டாயது, நின்ற இடத்திலேயே விளைந்ததா அன்றி நீராற் கொணரப்பட்டதா என்பனவற்றையும் கருத்திற்கொண்டார். அவர் எழுதிய ஆராய்ச்சி நூல்களில் மண்வகைகளுக்குத் தனியிடம் உண்டு. இதனால் விளைந்த பெரும்பயனைப் பின்னர்க் கூறுவோம்.

அவரும், வில்லியம் கிங் என்னும் உடனுழைப்பாளரும் சேர்ந்து சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஆகிய ஜில்லாக்களின் பகுதிகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1864ஆம் ஆண்டில் வெளிவந்தது. கஞ்சமலையின் இரும்புத் தாதும், சேலத்திற்கும் சேர்வராயன் மலையடிவாரத்திற்கும் இடையே வெண்மையாய்த் தோன்றும் சுண்ணக் கரட்டின் மாக்னசைட்டும் அதில் விரித்துரைக்கப்பெற்றன. சேர்வராயன் மலை பெரும்பாலும் ஒரே இனத்துக் கரிய, கடினமான கல்லாலாயது. அக்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டவர் ஹாலந்து என்பார். அவர் பூட்டுக்கு ஒரு தலைமுறை பின்னர் வந்தவர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பாருடைய கல்லறையை மூடிய கல்லும் அவ்வினத்ததே. ஆதலின் அவர் பெயரே கல்லுக்கும் ஆயிற்று. மலையைப் பற்றிய அறிவுக்குக் கல்லறையினின்று பெயர் கிடைத்தது வியப்பே.

இத்துணைக் கடினமான கல் எவ்வாறு மண்ணாகின்றது? பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் கல்லைப் பிளக்கின்றன. பிளவினுள் மழைநீர் இறங்குகின்றது. உதிர்ந்த இலைகள் மக்கியதனால் உண்டாகும் புளிப்பு அந்நீரோடு கலந்து கல்லின் கூறுகளைச் சிறிது சிறிதாய்க் கரைக்கின்றது. வேர் புகுந்து பிளவை அகலமாக்குகின்றது. இங்ஙனம் முதலில் நொய்ந்த கல்லும், பின் சரளையும், பின் மண்ணும் ஆகின்றன. ஓர் அங்குல மண் உண்டாதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். சரிவு மிகுந்த இடத்தில் உண்டான மண் உண்டானவுடனே கீழே அடித்துச் செல்லப்படுதலால் அங்கே ஒரு சாணுக்கு மேல் தங்குவதில்லை. சரிவு குறைந்த மடிப்புகளிலும் மலையிடைத் தாழ்வுகளிலும் அது தங்கிப் பல அடியாய் வளர்கின்றது. நாம் மலைப்பாதையிற் கண்ட வேறுபாட்டிற்குக் காரணம் இதுவே.

சேலம் நூல் வெளிவருமுன்னரே பூட்டின் வாழ்க்கையில் இரு நிகழ்ச்சிகள் நடந்துவிட்டன. ஒன்று, 1862ஆம் ஆண்டில் நடைபெற்ற அவர் திருமணம். மணமகள் பீட்டர் பெர்சிவல் ஐயரின் புதல்வி. பெர்சிவல் ஐயரைத் தமிழ் மாணாக்கர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் உழைத்து, ஆறுமுக நாவலரின் உதவியோடு வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்து, பின் சென்னை மாகாணக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கி, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தி, ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர் அவர். முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்து 1882இல் அங்கேயே காலஞ்சென்றார். மாமனார் பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் பழங்கற்களைத் திரட்டினார். இருவரும் பிறர் காலில் மிதித்துக் கடந்த பொருளைக் குனிந்தெடுத்தவர்களே.

மற்றொன்று, 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நிகழ்ந்தது. அங்குப் படைப்பயிற்சி மைதானத்தின் அருகில் சரளைக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றிருந்தது. செம்புறைக்கல்லின் சிதைவுகள் நிறைந்த அப்பள்ளத்திற் கிடந்த கல் ஒன்றைப் பூட் எடுத்து நோக்கினார். அது இயற்கையாய் உடைந்த கல் அன்று. மனிதன் கையால் இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கருவி. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே பிரெஞ்சு தேசத்தில் சோம் ஆற்றுப் படுகையில் இத்தகைய கருவிகள் கிடைத்தமையைப் பிரெஸ்ட்விச் முதலிய அறிஞர் உலகிற்கு உறுதிப்படுத்தியிருந்தனர். அச்செய்தியைப் படித்திருந்தமையால் பூட்டின் கண் விழிப்பாயிருந்தது. அன்று அவர் கையிலெடுத்த கல்லே இந்திய நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்றாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவரும் கிங்கும் கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் மிகுதியான கருவிகளைக் கண்டனர்.

இக்கண்டுபிடிப்பிற் கருதத்தக்கது கல் மட்டுமன்று. கல் கிடந்த இடமும் ஆகும். மேற்பரப்பிற் கிடந்த கல்லை எவரும் நேற்றுப் போட்டிருக்கலாம். மண்ணடுக்கினுள்ளே, அதற்கு மேற்பட்ட படிவங்கள் உண்டாகுமுன்னரே புதைந்த கல்லோ காலத்தைக் காட்டும். பூட் படித்தது ஆழத்தை; ஆழமோ அவருக்குக் காலமாயிற்று. அவர் கருத்தனைத்தும் நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. கடற்கரையை அடுத்த செம்புறைப் படிவங்கள் கடலின்கீழ்ப் படிந்தவை என்று அவர் முதலில் எண்ணினார். பிற்கால ஆராய்ச்சியாளர் அதனை ஏற்றிலர். ஆனால் கருவிகள் எந்த அடுக்கில் கிடந்தன என்பதை அவர் தெளிவாய்க் குறித்துவைத்தமையால், கருத்து வீழ்ந்தபோதும் சான்று வீழவில்லை. அத்திரம்பாக்கத்தில் அண்மைக் காலத்தில் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள தொன்மையான கருவிகள் சற்றேறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிஞர் வெளியிட்டனர். நம் மாணாக்கர் விஞ்ஞானக் குறிப்பேட்டில் முடிவை மட்டும் எழுதிக் கண்டதை எழுதாது விடும்பொழுதெல்லாம் நமக்குப் பூட்டின் நினைவு வருவதுண்டு.

பின்னர் முப்பது ஆண்டுக்காலம் அவர் செய்தவற்றை விரிப்பிற் பெருகும். தென் மராட்டிய நாட்டையும், மதுரை திருநெல்வேலி ஜில்லாக்களையும், பெல்லாரியையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். மதுரை திருநெல்வேலிப் பகுதிகளைப் பற்றிய நூல் 1883இல் வெளிவந்தது. தென்பாண்டிக் கடற்கரையிலுள்ள தேரி மணல், காற்றுக்கு எழுந்து விளைநிலங்களை மூடும் செய்தியைத் திருநெல்வேலி மாணாக்கர் நன்கறிவர். மண் குறைதல் மட்டுமன்று, வேண்டா மண் வந்து மூடுதலும் நிலத்திற்குக் கேடே. கர்நூல் ஜில்லாவில் பில்ல சுர்க்கம் என்னும் குகைகளைத் தம் மைந்தர் ஹென்ரியின் துணையோடு அகழ்ந்தார். பொன் விளையும் கோலார்க் கற்கள் சேர்ந்த பெருந்தொகுதிக்குத் தார்வார் என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் எரிமலைச் சாம்பலோ என்று பலரும் மயங்கியிருக்க, அவை கற்கால மக்கள் மாட்டுத்தொழுவங்களிற் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே என்று கூறினார். அக்கூற்று மெய்யென்பது அவர் காலத்திற்குப் பின் அகழ்ந்தபோது தெளிவாயிற்று.

1891இல் அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆயினும் ஓய்ந்திருந்தாரல்லர். பரோடா சமஸ்தானத்திற்கு நிலநூல் ஆராய்ச்சி செய்தார். 1894இல் மைசூர் சமஸ்தானத்தில் அத்துறை தோன்றியபோது அதன் முதற்றலைவராய் அமர்ந்தார். பின்னர்த் தம் மாமனார் வாழ்ந்த ஏற்காட்டிலேயே ஐவி காட்டேஜ் என்னும் வீட்டில் தங்கி, நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து தாம் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் வரிசைப்படுத்தலானார்.

சேர்வராயன் மலையும் அவருக்குக் கொடாது விடவில்லை. வழவழப்பாய்த் தேய்த்துக் கூராக்கிய புதிய கற்காலக் கோடரிகள் இம்மலையிற் கிடைத்துள்ளன. மலைவாழ் மக்கள் அவற்றைக் கண்டெடுத்துத் தம் சிறு கோயில்களில் வைத்துப் போற்றினர். நம்மவர் சிலர் இதனை அறியாமை என்று நகைப்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அக்கோடரிகள் காட்டை வெட்டித் திருத்தி முதன்முதல் விதை விதைத்தவர்களின் கருவிகள். அவற்றைக் கோயிலில் வைத்தவரும் அம்மலையில் சாமையும் திணையும் கேழ்வரகும் விதைத்து உண்பவர்களே. மூதாதையின் கொழுவை வீட்டில் வைத்துக் காப்பதினும் இது எவ்வகையிற் குறைந்தது?

பூட் வாழ்ந்த ஏற்காட்டைச் சூழ்ந்திருந்தவை காப்பித் தோட்டங்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில் இம்மலையிற் காப்பி பயிரிடத் தொடங்கினர். ஆண்டிற்குச் சற்றேறக்குறைய 60 அங்குல மழை பெய்கின்றது. ஆனால் அம்மழை ஆண்டு முழுதும் பரந்து பெய்வதில்லை. தை பிறந்தபின் மழை அரிது. பங்குனி சித்திரையிற் பூமழை விழுந்தபின்னரே காப்பிச்செடி பூக்கும். இடைப்பட்ட மாதங்களிற் செடி எதனை உண்டு உயிர் வாழ்கின்றது? மண் தன்னுள் தேக்கி வைத்த நீரையே. இங்கேதான் ஆழத்தின் அருமை விளங்குகின்றது.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். நல்ல கலப்பு மண் ஓரடி ஆழத்தில், செடி உறிஞ்சத்தக்க நீர் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தேக்கும். நிழலிலுள்ள காப்பித் தோட்டம் வறண்ட நாளொன்றுக்கு அங்குலத்தில் எட்டிலொரு பங்கு நீரைச் செலவிடும் என்று கொள்வோமாயின், ஓரடி மண்ணிலுள்ள சேமிப்புப் பன்னிரண்டு நாளில் தீரும். நான்கடி மண்ணிலுள்ளதோ நாற்பத்தெட்டு நாளுக்கு வரும். நீர் குறையக் குறையச் செடியும் சிக்கனம் பிடிக்குமாதலின் மெய்யில் இன்னும் சில நாள் நீளும். இரு தோட்டக்காரரும் ஒரே நாற்று நட்டு, ஒரே எரு இட்டு, ஒரே மழை பெற்றிருப்பினும், மாசி மாதத்தில் ஒருவர் செடி பச்சையாயிருக்கும். மற்றவர் செடி இலை சுருண்டு நிற்கும். ஊரார் இதனை அவரவர் அதிர்ஷ்டம் என்பர். அதிர்ஷ்டம் நிலத்தின்கீழ் மூன்றடியில் இருக்கின்றது.

நீர் மட்டுமன்று. வேர் இறங்குதற்குரிய இடமும், அவ்வேருக்குரிய உணவும், பெருங்காற்றில் மரம் சாயாது நிற்றற்குரிய பிடியும் ஆழத்தாலேயே அமைகின்றன. காப்பிச்செடியின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடியிற் பரவுகின்றன. நீரை நாடும் வேர்களோ மூன்றடிக்கும் கீழே இறங்குகின்றன. அவை இறங்கும் வழியில் பாறையோ, கெட்டிப்பட்ட சரளையோ, சமவெளியிற் காணும் சுக்கான் கல்லோ, தேங்கிய நீரோ தடுக்குமாயின் அந்நிலத்தின் ஆழம் அவ்விடத்தோடு முடிந்ததென்க. மண்ணூலார் ஆழத்தை அளப்பது இம்முறையினாலேயே. 25 செண்டிமீட்டருக்குக் குறைந்ததை மிக மெல்லிய மண் என்பர். 50 வரை மெல்லியது. 100க்கு மேற்பட்டதே ஆழ்ந்த மண். மெல்லிய மண்ணில் சாமையும் கொள்ளும் விளையும். காப்பியும் பலாவும் வேண்டுவார் ஆழ்ந்த மண்ணையே நாடவேண்டும். அகல உழுதலினும் ஆழ உழுதலே நன்றென்னும் கருத்துடைய பழமொழி உழவர் அனைவரும் அறிந்தது. ஆனால் அப்பழமொழி, உழுதற்கு ஆழம் உண்டு என்று கொண்டே பிறந்தது. ஒரு சாண் மண்ணுள்ள கரட்டில் ஆழ உழுபவன் சரளையை மேலே கொணர்ந்து நல்ல மண்ணைக் கெடுத்தவனாவான்.

ஆழமிருந்தால் எல்லாம் அமையும் என்று கொள்ளுதலும் பிழை. இதற்குச் சான்றுகளைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. மலையுச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கும் பரந்த வெளியை நோக்குக. 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அது மேசைபோல் தட்டையாயிருக்கின்றது. சரிவில்லாமையால் அங்கே மண் தங்கவேண்டுமே, தங்கியது உண்மையே. எண்ணிறந்த காலமாய் மழை அவ்வெளியில் நேரே உள்ளிறங்கி, மணற்சத்தையும் செடிக்குணவாம் உப்புக்களையும் கரைத்துக்கொண்டு போயிற்று. அலுமினியமும் இரும்புமே எஞ்சி இறுகின. அதுவே பாக்சைட்டு. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையில் அதனைத் தோண்டியெடுத்தனர். உலோகம் காய்ச்சுவோர்க்குச் செல்வமாயிருப்பது உழவனுக்கு வறுமையாயிருந்தது. அங்கே புல்லே பெரிதும் விளைந்தது. அடிவாரத்துச் சுண்ணக் கரட்டிலோ மண் மெல்லியது. அதனோடு மக்னீசியமும் மிகுந்திருத்தலால் அக்கரடு பெரும்பாலும் மொட்டையாய் நிற்கின்றது. ஆக, உச்சியிலுமின்றி அடியிலுமின்றி, நடுவே சரிவின் மடிப்புகளில், கல் கரைந்து மண்ணாகியும் சத்து முற்றும் கரைந்து போகாதிருக்கும் இடங்களிலேதான் சேர்வராயன் மலை தன் செல்வத்தை வைத்திருக்கின்றது. பூட்டும் கிங்கும் வரைந்த கற்படத்தின்மேல் மண்ணாழத்தின் படத்தையும் வரைந்து வைத்துப் பார்ப்பார்க்கு இம்மலையின் விளைவு முழுதும் விளங்கும்.

இனி, மனத்தை வருத்துவதொன்றைக் கூறவேண்டும். நான்கடி மண்ணுள்ள தோட்டத்தில் அரையடி மழையில் அரித்துப்போயின், மேல்மண்ணின் மக்குச் சத்து போயிற்று என்பது மெய்யே; ஆனால் தழையும் சாணமும் இட்டுச் சில ஆண்டுகளில் ஒருவாறு சரிப்படுத்தலாம். ஓரடி மண்ணுள்ள சரிவில் அவ்வரையடி போயின் பாதி நிலமே போயிற்று. எருவினாற் சத்தை ஈடு செய்யலாம். நீர் நின்ற இடத்தை எதனால் ஈடு செய்வது? ஆழ்ந்த மண் உழவனின் பிழையைப் பொறுக்கின்றது. மெல்லிய மண் பொறுப்பதில்லை. ஏழையின் பங்குக்குப் பெரும்பாலும் வாய்ப்பது மெல்லிய மண்ணே என்பதும் நாம் மறைக்கத்தக்கதன்று. மலையில் நல்ல மடிப்புகள் தோட்டங்களாயின. மலையாளிகள் என்னும் மலைக்குடிகளின் சாமைக் கொல்லைகள் பல சரிவுகளில் நிற்கின்றன. அவர்களுட் பலர் கல்லடுக்கிக் கரை கட்டி, படிபடியாய் மண்ணைத் தடுத்து வைத்திருப்பதைக் கண்டோம். எந்தக் கலாசாலையிலும் கற்காத அவர்கள், மண் எவ்வழியே ஓடும் என்பதை நன்கறிந்திருக்கின்றனர்.

தோட்டக்காரரும் இதனை அறியாதவரல்லர். சரிவுக்குக் குறுக்கே வரிசை நடுதல், செடிகளுக்கிடையே தொட்டிற்குழி தோண்டி நீரையும் மண்ணையும் தேக்குதல், சில்வர் ஓக் முதலிய நிழல் மரங்களை வளர்த்து மழைத்துளியின் வேகத்தைக் குறைத்தல், உதிர்ந்த இலையைக் கூட்டாது விடுதல் ஆகியவை பழைய தோட்ட முறைகளே. மழைத்துளி வெறுமண்ணில் நேரே விழும்போதுதான் அது மண்ணை உடைத்தெடுக்கின்றது. இலைமேல் விழுந்து சொட்டும் துளி, மக்கிய சருகின்மேல் விழுமாயின், அவ்வளவு கேடு செய்யாது. ஆயினும், தோட்டம் பிரிந்து மனைகளாகி, ஓய்வு விடுதிகளுக்காகச் சரிவு செங்குத்தாய் வெட்டப்பட்ட இடங்களில் இம்முறைகள் பயன்படா. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் எனப் பெயர் பெற்ற புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. செய்தித்தாள்கள் தடைப்பட்ட வண்டிகளைப் பற்றி எழுதின. சரிந்த மண்ணைப் பற்றி, அஃது எத்தனை ஆயிரம் ஆண்டு உழைப்பு என்பதைப் பற்றி, எழுதக் கண்டிலோம். அது லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தப்பட்டது.

பூட் தம் திரட்டுகளைச் சென்னை அருங்காட்சிச்சாலைக்கு 1904இல் கொடுத்தார். அரசாங்கத்தார் அவற்றை விலைக்குப் பெற்றனர். அவற்றை விளக்கும் அட்டவணையை முதுமையிலும் விடாது எழுதினார். அச்சில் வெளிவந்ததைக் காண அவருக்கு ஆயுள் இடங்கொடுக்கவில்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், கல்கத்தாவில் காலஞ்சென்றார். அட்டவணை 1914இலும், காலமும் இடமும் பற்றிய அவர் குறிப்புகள் 1916இலும் வெளியாயின. எழும்பூர் அருங்காட்சிச்சாலைக்குச் செல்லும் மாணாக்கர், அங்குள்ள பூட் திரட்டின் கற்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காணலாம்.

நாம் ஏற்காட்டினின்று இறங்கிய நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னர் நாம் அளந்த வெட்டுச்சுவரின் அடியிற் சிவந்த நீர் ஓடிப் பாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. வினவிய மாணாக்கர் குடைக்கம்பை வாங்கி, ஒரு சாண் மண்ணிருந்த இடத்தை மீண்டும் ஒருமுறை அளந்து, அவ்வளவைத் தம் குறிப்பேட்டில் நாளும் இடமும் இட்டு எழுதிக்கொண்டார்.